நம்ம சபைதானே

எங்கள் தேவாலயத்தில் சேகரச் செயலாளர் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று கைக்கு வந்தது ஒரு தகரப் பெட்டியும், பதினேழு சாவிகள் கோத்த ஒரு இரும்பு வளையமும். பெட்டிக்குள் கல்யாணப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சணல் போட்டுக் கட்டிய ரசீதுப் புத்தகங்கள், மூன்று வங்கிப் பாஸ்புக், எந்தக் கூட்டத்தில் எழுதியது என்று தெரியாத தீர்மானத் தாள்கள். பதினேழு சாவியில் ஒன்பதுக்குத்தான் பூட்டு எது என்று தெரிந்தது. முந்தின செயலாளர் நல்ல மனிதர். சபைக் காசில் ஒரு டீ குடித்திருக்க மாட்டார். "எல்லாம் உள்ளதான் இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். ஒரு பட்டியல் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோமா என்று கேட்டேன். முகம் சட்டென்று வாடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, என்னைய நம்பலியா? நம்ம சபைதானே."

அடுத்த மூன்று வருஷத்தில் இதே சொல்லைக் கொத்தனாரிடம் கேட்டேன், கடை வாடகைக்காரரிடம் கேட்டேன், பெரிய படிப்புப் படித்த கமிட்டி உறுப்பினர்களிடமும் கேட்டேன். ரசீது எதுக்கு, நம்ம சபைதானே. அக்ரிமெண்ட் எதுக்கு, நம்ம ஆள்தானே. போலீசுக்கா? ஐயையோ, நம்ம சபை! நான் முப்பத்து நாலு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன். ஐம்பது ரூபாய் மணியார்டருக்கும் கையெழுத்து வாங்கிப் பழகிய கை. அதனாலேயே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள், அதனாலேயே பல பேருக்கு என்னைப் பிடிக்காமல் போனது.

எங்கள் ஊர் செம்மணல் தேரிக்காட்டு ஓரம். சி.எஸ்.ஐ. சபை. ஆலயம் என்று எழுதுவோம், பேச்சில் கோயில் என்றுதான் வரும். பனையேறிகளும் பீடி சுற்றின பெண்களும் கைப்பிடி அரிசி சேர்த்துக் கட்டின கோயில் என்று பாட்டி சொல்வாள். அது உண்மைதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது எங்களுடையது அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதே செப்டம்பரில், சொத்துகளை வைத்துக்கொள்வதற்கென்று கம்பெனிச் சட்டத்தின் கீழ் டிரஸ்ட் அசோசியேஷன் ஒன்றையும் பதிவு செய்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பல நிலங்களும் பள்ளிகளும் இன்னும் பழைய திருமண்டல (ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. ஊர் ஊராக 'டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி' என்று பலகை பார்த்திருப்பீர்களே, அதுதான். சேகரக் கமிட்டி அதன் காவலாள் மாதிரி. ஒரு சென்ட் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ எங்களுக்கு அதிகாரம் கிடையாது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டு நீதிமன்றப் படி ஏறிய கமிட்டிகள் உண்டு.

இந்துக் கோயில்களுக்கு அறநிலையத் துறை இருக்கிறது, பள்ளிவாசல்களுக்கு வக்ஃப் வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தேவாலயங்களுக்கு அப்படி ஓர் அரசு வாரியம் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் கணக்குக் கேட்கவும் நாங்களே, கேஸ் போடவும் நாங்களே என்று ஆகிவிட்டதில், முன்சீப் கோர்ட் கட்டுகளில் பாதி சபைத் தேர்தல் வழக்குதானோ என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அதற்குள் இருந்தவற்றிலேயே ஆபத்தானது எது என்று கேட்டால் பாஸ்புக் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கல்யாணப் பதிவேடு.

பொறுப்பேற்ற நாலாவது மாதம் ஒரு பெரியவர் வந்தார். மகளுக்கு எங்கள் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது, பதினாறு வருஷம் முன்பு. இப்போது குடும்பம் வெளிநாட்டில். அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கல்யாணச் சான்று வேண்டும். பதிவேட்டைப் புரட்டினால் மகள் பெயர் வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பள்ளிச் சான்றிதழில் உள்ள நீளப் பெயர். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஒயிட்னர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்!

எங்கள் குருவானவர், ஐயரவர்கள் என்றுதான் கூப்பிடுவோம், இளவயசுக்காரர். ஐயரவர்கள் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ரெண்டே எழுத்துதான் ஐயா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார் பெரியவர். அவரும் எங்களை ஏமாற்ற வரவில்லை. மகள் கஷ்டப்படுகிறாள், கோயில் உதவாதா என்ற எண்ணம்தான்.

அன்று ராத்திரி 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் அதுதான் நடைமுறை. படித்ததும் ஒயிட்னர் பாட்டிலை நினைத்துக் கை குளிர்ந்தது. பதிவேட்டை வேண்டுமென்றே சேதப்படுத்தினாலும் பொய்ப் பதிவைச் செருகினாலும் ஏழு வருஷம் வரை சிறை. அதே சட்டத்தில் 78ஆம் பிரிவில் வழியும் இருந்தது. பிழை கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள், கல்யாணமான இருவரின் முன்னிலையில், அவர்கள் இறந்திருந்தாலோ ஊரில் இல்லாவிட்டாலோ நம்பகமான வேறு இரண்டு சாட்சிகளின் முன்னிலையில், ஓரத்தில் எழுதித் திருத்தலாம். பழைய எழுத்தைத் தொடவே கூடாது. திருத்தத்துக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் வேண்டும். சான்றின் மறுபிரதியிலும் அதே திருத்தத்தை ஓரத்தில் எழுத வேண்டும்.

அந்தக் கல்யாணத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் உயிரோடு இருந்தார். மணப்பெண்ணின் பள்ளித் தலைமையாசிரியையும் இருந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு, பள்ளிச் சான்றிதழ் நகலை வைத்துச் சரிபார்த்து, ஐயரவர்கள் ஓரத்தில் எழுதினார். அரை மணி நேர வேலை. ஆர்மோனியக்காரர் அன்றைக்கு என்னென்ன கீர்த்தனை வாசித்தோம் என்று இன்னொரு அரை மணி நேரம் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். ஓலை கொடுக்க வரும்போதே, அதாவது மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிப்பதற்கு முன்பே, பெண், மாப்பிள்ளை இருவரின் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அது, மறுமணம் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் அல்லது முதல் துணையின் இறப்புச் சான்று, எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிடுவோம். பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. இதில் 'ரெண்டு மாசம்தானே குறையுது' என்ற பேச்சே இல்லை. சட்டம் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் கல்யாணத்தை நடத்தச் சொல்கிறது. பேராயரின் தனி அனுமதி மாதிரிச் சில விலக்குகள் உண்டு. ஒரு தடவை பெண் வீட்டு வேன் பஞ்சராகி நின்று, ஆறே முக்காலுக்குப் பெண் கோயிலுக்குள் வந்தாள். பாடகர் குழு பாமாலையில் இரண்டு சரணத்தை விட்டுவிட்டது. அதோடு சார்பதிவாளர் அலுவலகத்திலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். 2009ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கோயில் பதிவேடே போதும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் ஊரில் பாதிப்பேர்.

தனிச் சபை நடத்தும் போதகர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர்களுக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது. மற்ற ஊழியர்கள் கல்யாணம் நடத்த அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் நடத்தி வைத்தால் பத்து வருஷம் வரை சிறை என்று அதே சட்டம் சொல்கிறது. நல்ல உள்ளத்தோடு நடத்தினேன் என்பது அங்கே எடுபடாது. இன்னொன்று, சபைக் கட்டடம் போதகரின் சொந்தப் பெயரில் இருக்கும் இடங்களில் அவர் கண்ணை மூடிய மறுமாதம் பிள்ளைகளுக்கும் விசுவாசிகளுக்கும் நடக்கிற சண்டையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்துவிடுவது நல்லது. பதிவு செய்ததோடு மறந்துவிடாமல் நிர்வாகிகள் மாறும்போது பதிவாளருக்குத் தெரிவிப்பது இன்னும் நல்லது.

பணம். இதில்தான் என் பெயர் கெட்டது.

முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைப் பொருளாளர் வீட்டுக்கு எடுத்துப் போவார். திங்கட்கிழமை எண்ணி எழுதுவார். அவர் பத்து ரூபாய் எடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொல்லியிருந்தால், இல்லை என்று காட்ட அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. நாங்கள் வெஸ்ட்ரியிலேயே, அதாவது கோயிலை ஒட்டிய அறையிலேயே, மேசை போட்டோம். வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர், எத்தனை ஐநூறு, எத்தனை நூறு, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் வங்கியில் கட்ட வேண்டும். முதல் மாதம் எண்ண ஆள் வரவில்லை. 'போஸ்ட் மாஸ்டர் நம்மள எல்லாம் திருடன்னு நினைக்கான்' என்று தேநீர்க் கடையில் பேச்சு. மூன்றாவது மாதம் பழைய பொருளாளரே வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஆள் பஞ்சம் இல்லை.

அறுப்பின் பண்டிகை ஏலம் தனிக்கதை. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: வயலில் விளைந்தது, வீட்டில் வளர்த்தது எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்து மரத்தடியில் ஏலம். முப்பது ரூபாய் பூசணிக்காய் மூவாயிரத்துக்குப் போகும். மச்சினனுக்கு எதிராக மாமன் கேட்பார், மும்பையிலிருந்து வந்தவர் இரண்டு பேருக்கும் மேலே கேட்பார். ஒரு வாழைத்தாரை ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். சந்தோஷத்தில் பாதிப்பேர் "எழுதிக்கிடுங்க, அப்புறம் தாரேன்" என்று போய்விடுவார்கள். ஆடிட்டர் முதல் வருஷம் அந்தப் பாக்கிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது வரவா, கடனா, வேடிக்கையா?" என்று கேட்டார். பதினோரு வருஷப் பாக்கி. அதில் நாலு பேர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

ஆடிட்டரிடமிருந்துதான் மற்றதையும் கற்றேன். வரிவிலக்குப் பெற்ற அமைப்பு தன் வருமானத்தில் 85 விழுக்காடாவது நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். அந்தச் செலவுக் கணக்கில், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது சேராது. சுற்றுச்சுவர் வேலை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் பேசியிருந்தோம். செக் வாங்க வேண்டும், டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்போம், பான் எண் வேண்டும் என்றதும் கொத்தனார் கலங்கிப்போனார். "நான் என்ன கம்பெனியா நடத்துதேன்? நம்ம கோயில் சுவரு அண்ணாச்சி!" என்றார். அவருக்கு நானே பான் கார்டு எடுத்துக் கொடுத்தேன். பிடித்த பணம் அடுத்த வருஷம் ரிட்டர்ன் போட்டதும் அவர் கணக்குக்குத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து வேறு கோயில் வேலைக்குப் போனாலும் செக்தான் கேட்கிறாராம்.

'காணிக்கைக்கு 80ஜி ரசீது உண்டா?' என்று, வருமான வரியில் கழிவு வாங்குவதற்காக, சம்பளக்காரர்கள் கேட்பார்கள். மதக் காரியத்துக்கு மட்டுமே என்று இருக்கிற அமைப்புக்கு அது கிடைக்காது. அரசு அறிவித்த சில பழமையான வழிபாட்டிடங்களின் பழுதுபார்ப்புக்கு மட்டும் விலக்கு. எங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னதும் சிலரின் காணிக்கை குறைந்தது. என்ன செய்ய.

கோபுரம் பழுதுபார்க்க நிதி திரட்டினோம். துபாயிலிருந்து ஒருவர் அனுப்பினார், வங்கி வழியாக, சொந்தச் சம்பளத்திலிருந்து. கையில் இந்தியப் பாஸ்போர்ட். தாராளமாக வாங்கலாம். இன்னொரு குடும்பத்து மகன் கனடாவில். மொத்தச் செலவில் பாதியைத் தானே தருவதாகச் சொன்னார். சபையில் ஒரே கைதட்டல். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அவர் மூன்று வருஷம் முன்பே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் பார்ப்பது ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அல்ல, எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. வெளிநாட்டுக் குடிமகன் தருவது, அவர் இங்கே பிறந்து இங்கே ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். டிசம்பர் லீவுக்கு வந்து ரூபாய் நோட்டாகத் தட்டில் போட்டாலும் அதுதான். அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர முடியும். பதிவு உள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிவிடுவதையும் அதே திருத்தம் மூடிவிட்டது.

எங்கள் சேகரத்துக்குப் பதிவு இல்லை. வாங்க முடியாது என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் பையனின் அப்பா என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "எம்மவன் இந்தக் கோயில்ல பாட்டுப் படிச்சவன். அவன் காசு அந்நியக் காசா?" என்று கேட்டார். சட்டப்படி ஆமாம் என்று எப்படிச் சொல்வது? அப்பா பேருக்கு அனுப்பி, அவர் தருவதாகக் காட்டிவிடலாமே என்று கமிட்டியில் இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்தால் சிக்கப்போவது அந்த அப்பாதான், அதோடு கையெழுத்துப் போட்ட நாங்களும். கோபுர வேலை ஒரு வருஷம் தள்ளிப்போனது. நண்பர் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. சட்டத்தின் இந்தக் கடுமை எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கு நியாயமா என்று இப்போதும் எனக்குக் கேள்வி உண்டு. ஆனால் அதை எழுப்ப வேண்டிய இடம் டெல்லி, சேகரக் கணக்குப் புத்தகம் அல்ல.

கல்லறைத் தோட்டத்துப் பட்டாவை எடுத்துப் பார்த்த அன்று சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. 1980களில் யு.டி.ஆர். என்று நில உடைமைப் பதிவுகளை ஊர் ஊராகப் புதுப்பித்தார்களே, அப்போது சர்வேக்குப் போன அன்று அங்கே நின்றவர் சபை ஊழியரான உபதேசியார். 'இது யார் பேர்ல?' என்று கேட்டிருப்பார்கள். அவர் பெயரையே எழுதிவிட்டார்கள் போலும். ஆக, கணினிப் பட்டாவின்படி எங்கள் ஊர்ச் செத்தவர்கள் அத்தனை பேரும் ஒரு உபதேசியாரின் சொந்த நிலத்தில் படுத்திருக்கிறார்கள். அவரும் அங்கேதான் படுத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் மும்பையில். பட்டா என்பது வருவாய்க் கணக்கு மட்டுமே, கிரயப் பத்திரம் ஆகாது என்பது சரிதான், மிஷனெரி காலத்துப் பத்திரம் திருமண்டலத்தில் இருந்தது. ஆனால் புறவழிச்சாலை பக்கத்தில் வருகிறது, சென்ட் விலை ஏறுகிறது என்றால் பட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடவும் ஆள் இருக்கும். பேரன்களுக்கு போன் போட்டேன். "எங்க தாத்தாவுக்கு அவ்வளவு நிலமா!" என்று சிரித்தார்கள். மறுப்பில்லை என்று எழுதி நோட்டரி கையெழுத்தோடு அனுப்பினார்கள். பத்திர நகல், வில்லங்கச் சான்று, அடக்கப் பதிவேட்டின் பக்கங்கள் எல்லாம் வைத்து வருவாய்த் துறைக்கு மனு. திருத்தம் வர ஒன்றே முக்கால் வருஷம். அந்தப் பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ரோட்டைப் பார்த்த நாலு கடைகளில் அதிர்ஷ்டம் அப்படி இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக முந்நூறு ரூபாய் வாடகை, வாய்ப் பேச்சு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி மூன்று பேரைச் சம்மதிக்க வைத்தோம். நாலாமவர் கடை இப்போதும் வழக்கில் இருப்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

பண்டிகை நாள் வேலைகளில் இரண்டைத்தான் நான் விடாப்பிடியாகப் பிடித்தேன். ஒன்று ஒலிபெருக்கி. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை கூம்புக் குழாய் கிடையாது என்று 2000ஆம் வருஷத்து விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு சென்னையில் ஒரு குடியிருப்பு நலச்சங்கம் ஒரு சபையின் மேல் கொண்டுவந்த வழக்கில் வந்தது என்பதை எங்கள் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். விடியற்காலைப் பஜனையைக் குழாய் இல்லாமல் நடத்தினோம். பக்கத்துத் தெரு கணக்கு வாத்தியார், அம்மன் கோயில் தர்மகர்த்தா, வந்து நன்றி சொல்லிவிட்டு, ஆடிக் கொடையில் எங்களுக்கும் அதே மரியாதை செய்தார். இரண்டாவது மின்சாரம். 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் ஆலயத் திருவிழாவுக்கான வேலையில் உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நாலு பேர் இறந்தார்கள். செய்தி வந்த அன்றே எங்கள் கோயில் இரும்பு ஏணியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினேன். கமிட்டித் தீர்மானம் இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான். அப்போது நான் செயலாளரே இல்லை, வெறும் சபையார் என்பது வேறு விஷயம். புதிய செயலாளர் பெருந்தன்மையாகப் பிறகு தீர்மானம் எழுதிக்கொண்டார்.

கடைசியாக வைத்தேனே தவிர, பெரியது இதுதான். மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. நூற்றைம்பது பிள்ளைகள், கல்லூரிப் பையன்களும் பெண்களும்தான் ஆசிரியர்கள். தன்னார்வலர் ஒவ்வொருவர் விவரமும் எழுதி வைக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக அறைக்குள் இருக்கக் கூடாது, கழிப்பறைப் பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னபோது தலையாட்டினார்கள். ஏதாவது புகார் வந்தால் என்ன செய்வது என்று கேட்டபோதுதான் சிக்கல். "அப்படி ஒண்ணும் நடக்காது. நடந்தாலும் ஐயரவர்கள வச்சு உள்ளேயே பேசி முடிச்சிடலாம். ரெண்டு குடும்பத்துக்கும் மானம் இருக்குல்லா" என்றார் ஒரு மூத்தவர்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தை நான் அச்செடுத்து வைத்திருந்தேன். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம். மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே வரும் பிள்ளையிடம் அத்துமீறினால் அது கூடுதல் கொடுமையான குற்றம் என்றே சட்டம் தனியாக எழுதி வைத்திருக்கிறது. 'உள்ளே பேசி முடிப்பது' என்பதற்கு அதில் இடமே இல்லை. வாசித்து முடித்தேன். யாரும் பேசவில்லை. சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்ற கோபம் சில முகங்களில் தெரிந்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி, ஓய்வு பெற்ற டீச்சர், அதுவரை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்: "ஒரு புள்ள அழுதுக்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்லுதுன்னு வைங்க. நான் மொதல்ல என்ன செய்யணும்? கமிட்டியக் கூட்டணுமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு தீர்மானம் பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் பிள்ளைகள் கண் உயரத்துக்குப் பெரிய எழுத்தில் எழுதினோம். புகார் கேட்பவர் அந்த டீச்சர். கேட்டதும் காவல் நிலையம், அதன் பிறகுதான் ஐயரவர்களும் நானும். ஜெப விண்ணப்பத்தில் கூடப் பிள்ளை பெயரோ குடும்பப் பெயரோ வரக் கூடாது என்பதையும் சேர்த்தோம். நம் ஆட்கள் அக்கறையோடு ஜெபம் பண்ணியே ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். கோயிலில் சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்வதற்காக மாவட்டப் புகார்க் குழுவின் விவரத்தையும் வெஸ்ட்ரியில் ஒட்டினோம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் என்பதால் எங்களுக்குத் தனிக்குழு வராது. அந்தத் தாளை இரண்டு தடவை யாரோ கிழித்தார்கள். மூன்றாவது தடவை கண்ணாடி போட்டு மாட்டினேன்.

மூன்று வருஷம் முடிந்தது. மறுபடி நிற்கச் சொன்னவர்களை எண்ண ஒரு கை போதும், விரல் மிச்சம் இருக்கும். ஒப்படைப்புப் பட்டியலை நானே தட்டச்சு செய்தேன், பதினொரு பக்கம். ஏலப் பாக்கியைத் தனித்தாளாக எழுத, பழைய நோட்டை மறுபடி வரிவரியாகப் பார்த்தேன். நான் பொறுப்புக்கு வருவதற்கு ஆறு வருஷம் முந்தின பக்கம் ஒன்றில், முன்பு எப்படியோ கண்ணில் படாத வரி: 'சேவல் 1, ரூ. 850, அப்புறம் தருவார்.' எதிரே என் பெயர்.

நினைவு வந்தது. தம்பி குடும்பம் வந்திருந்த வருஷம். தம்பியோடு போட்டி போட்டு நான்தான் கேட்டேன்.

பணத்தைக் கட்டினேன். எனக்கு நானே ரசீது போட முடியாது என்பதால் பொருளாளரை வரச் சொன்னேன். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரசீதை எழுதிக் கிழித்துக் கையில் கொடுத்தார். "சேவல் எப்படி அண்ணாச்சி, கறி வெந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தது ரோட்டுவரை கேட்டிருக்கும்.

புதிய செயலாளர் பட்டியலை ஒவ்வொரு வரியாக டிக் அடித்து வாங்கினார். கடைசியில் சாவி வளையத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, மூன்று சாவியைத் தனியாகப் பிடித்தார்.

"இது எந்தப் பூட்டுக்கு அண்ணாச்சி?"

"தெரியல. ஒன்பதாம் பக்கம், 'பூட்டு தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கேன், பாருங்க."